உப்புப் போடும் கை

தங்கம் அக்காவுக்கு உப்பு அளக்க ஸ்பூன் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் இதுதான். உப்பலில் எங்கள் தெருமுனையில் ஒரு அரசு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. அங்கே மதியச் சாப்பாடு சமைப்பவள் அக்கா. அண்டாவில் சாம்பார் கொதித்து வரும்போது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடிக்குள் விடுவாள். ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையிலேயே அதன் கனத்தைப் பார்த்து, கொஞ்சத்தை ஜாடியிலேயே திரும்பப் போட்டுவிட்டு மீதியை அண்டாவைச் சுற்றித் தூவுவாள். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. பிள்ளைகள் அதை ‘அரவ சாம்பார்’ என்பார்கள். தெலுங்குக்காரர்கள் வாயில் தமிழுக்கு அரவம் என்று பெயர். கிண்டலாகத்தான் சொல்வார்கள், ஆனால் தட்டை வழித்து நக்கிவிட்டு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியை பத்மஜா மேடம் அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சமையலறை வாசலில் வந்து உள்ளங்கையை நீட்டுவார். அக்கா கரண்டியிலிருந்து துளி சாம்பார் விடுவாள். மேடம் ருசி பார்த்துவிட்டு “பாகுந்தி” என்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை அக்கா சாயங்காலம் என் கடைக்கு வந்து எனக்கும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். என் பெயர் ரோகிணி. எங்கள் இரண்டு குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவை. நாங்கள் இருவரும் கல்யாணமாகி உப்பலுக்கு வந்தோம். அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. மகள் ஹர்ஷிதா ஹப்சிகுடாவில் டிகிரி படிக்கிறாள். அக்கா தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். சண்டை போடும்போதுகூட அப்படியேதான்.

அக்காவின் வலது கை விரல் முட்டிகளில் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. தெலுங்கில் இதைப் பொல்லி என்பார்கள். நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அதைவிட மோசம், வெண்குஷ்டமாம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பெயரை வைத்தவன் என் கையில் கிடைத்தால் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் பார்த்தார். தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, சமைத்தாலும் ஒட்டாது. கவலைப்பட்டால் மட்டும் கூடலாம், அதனால் கவலைப்படாதே என்று அனுப்பினார். அதுவே அக்காவுக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. தினமும் காலையில் வாசல் வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பார்ப்பாள். கூடியிருக்கிறதா என்று கவலைப்படுவாள். கவலைப்பட்டோமே, அதனால் கூடிவிடுமோ என்று மேலும் கவலைப்படுவாள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஊரில் மெகந்திக்குக் காரணம் எவனும் கேட்கமாட்டான். ரம்ஜானுக்குப் போடுவார்கள், கல்யாணத்துக்குப் போடுவார்கள், அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போடுவார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் கோன் வாங்கி, விரல் முட்டிகளை மூடும்படி இலையும் பூவுமாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த வாரம் என்ன டிசைன் என்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டாகப் போனது. ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படி ஓடியது. புள்ளிகள் பரவி, இரண்டு கைகளிலும் திட்டுத் திட்டாகியிருந்தது வெளியில் தெரியவே இல்லை.

பிறகு ஏதோ ஒரு கோன் ஒத்துக்கொள்ளாமல் கை முழுக்க அரித்துத் தடித்தது. மெகந்தியை நிறுத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு திங்கள்கிழமை அக்கா வெறுங்கையோடு வேலைக்குப் போனாள். அன்றைக்கென்று பார்த்து ஒரு பிள்ளையின் அம்மா சமையலறைப் பக்கம் வந்திருக்கிறாள். அக்கா உப்பு ஜாடிக்குள் கையை விட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் பெற்றோர்கள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். நோய்க்காரி வெறுங்கையால் உப்புப் போடுகிறாள், எங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று ஒரே கூச்சல். பத்மஜா மேடம் அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் வர வேண்டாம், வகுப்புகளைப் பெருக்கு, சம்பளத்தில் மாற்றமில்லை என்றார். அடுப்புக்கு வேறு ஒரு பெண் வந்தாள்.

சாயங்காலம் அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்லும் ‘பாகுந்தி’ இல்லை. கைகள் இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“சம்பளம் அதேதானாம் ரோகிணி. எல்லாம் ஒண்ணுதானே?”

“எப்பிடிக்கா ஒண்ணாவும்? நாளைக்கு நம்ம தெருவுல உன் கையால யார் ஒரு டம்ளர் தண்ணி வாங்குவாங்க? அந்தக் கெவர்மென்ட்டே இவள அடுப்புலேர்ந்து எறக்கிடுச்சு, அப்போ நெஜமாதான் நோயின்னு சொல்லமாட்டாங்க?”

நான் பயமுறுத்துவதற்காகச் சொன்னது அந்த வாரமே நடந்தது. சீமந்தத்துக்குப் பாயசம் வைக்க அக்காவிடம் சொல்லிவைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், வெளியில் ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்றார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்த இடத்தில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அக்காவுக்குத் தெரிந்த ஒரே வேலை சமையல். அந்த அடுப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால், இந்த ஊரில் எந்த அடுப்பும் கிடைக்கப்போவதில்லை. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

மனித உரிமை ஆணையம் என்று ஒன்று இருப்பதை ஹர்ஷிதாதான் சொன்னாள். அவளுடைய கல்லூரிக்கு அங்கிருந்து யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். அரசு ஆள் ஒருவர் உன்னை வித்தியாசமாக நடத்தினால் நீ கேட்கலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொன்னார்களாம்.

“நக்கோ பாப்பா, நக்கோ, வேணாம். மேடத்து மேலயே புகாரா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போறது?” என்றாள் அக்கா.

“அம்மா, நுவ்வு தப்பு சேயலேது” என்றாள் ஹர்ஷிதா. நீ தப்பு எதுவும் செய்யவில்லை என்கிறாள். சொல்லிவிட்டு என் மெஷின் மேசையிலேயே உட்கார்ந்து தெலுங்கில் எழுத ஆரம்பித்தாள். அக்கா மறுபடியும் நக்கோ என்று சொல்லவில்லை.

ஆணையம் நாம்பள்ளி பக்கம் இருந்தது. ஆதார் கார்டைக் காட்டி இலவச பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அக்கா முந்தானையைக் கைகளில் சுற்றிக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல் என்மேல் சாய்ந்தபடியே நின்றாள். அலுவலகத்தில் மனு வாங்கியவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், படித்துப் பார்த்தார், டாக்டர் எழுதிக் கொடுத்ததை இணைத்துக்கொண்டார். இனி என்ன நடக்கும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். மாவட்டக் கல்வி அதிகாரிக்கு நோட்டீஸ் போகும், அவர் அறிக்கை கொடுக்க வேண்டும், ஆணையத்தின் ஆட்களே பள்ளிக்கு வந்து விசாரிப்பார்கள், பிறகு இரண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்பார்கள், கடைசியில் அரசாங்கத்துக்குப் பரிந்துரை போகும்.

“பரிந்துரைன்னா? உத்தரவு இல்லியா?” என்று கேட்டேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தது சிபாரிசு வாங்கவா?

அவர் சிரித்தார். பரிந்துரைதானம்மா, ஆனால் அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்போம், அதற்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும் என்றார். அக்கா கேட்டது வேறு.

“சார், என் பேரு வெளிய வருமா?”

அவர் கொஞ்சம் யோசித்து, பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் எப்படி விசாரிக்க முடியும் என்றார். அக்கா தலையாட்டினாள்.

அக்கா தினமும் பள்ளிக்குப் போய்ப் பெருக்கினாள். நோட்டீஸ் வந்துவிட்டதா, மேடத்துக்குத் தெரிந்துவிட்டதா என்று மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். மேடம் சிரித்தால், இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது என்று பயம். சிரிக்காவிட்டால், தெரிந்துவிட்டது என்று பயம். போன் அடித்தால் எடுக்கமாட்டாள், என்னிடம் நீட்டுவாள். கமகமவென்று சமையல் வாசனை வரும் நேரத்தில் பள்ளிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். புது ஆள் வைக்கும் பருப்பு அடிப்பிடித்துவிட்டால் அந்த வாசனை வகுப்பு வரை வருமாம். அப்போது கை பரபரக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இதற்கு நடுவில் இடது மணிக்கட்டிலும் ஒரு புதுப் புள்ளி வந்தது.

நோட்டீஸ் போனது எங்களுக்குத் தெரிந்தது ஆணையத்தின் பெண் அதிகாரி ஒருத்தர் பள்ளிக்கு வந்த அன்றுதான். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். சமையலறையைப் பார்த்தார், டீச்சர்களிடம் பேசினார், பிள்ளைகளிடம் பேசினார். யாருடைய சாம்பார் பிடிக்கும் என்று கேட்டதற்கு, அரவ சாம்பார் என்று எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். ஏன் இப்போது அது இல்லை என்று கேட்டதற்கு ஒரு சின்னப் பெண், ஆயாவின் கையைத் தொட்டால் நாமும் வெள்ளையாகிவிடுவோம் என்று அம்மா சொன்னாள் என்றாளாம். அக்கா கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று இரண்டையும் கேட்டிருக்கிறாள். அந்தச் சின்னப் பெண்தான் ஒவ்வொரு திங்கள்கிழமையும் டிசைன் பார்க்க முதலில் ஓடி வருவாளாம்.

இரண்டு நாள் கழித்து பத்மஜா மேடம் என் கடைக்கே வந்தார். அக்காவும் அப்போது அங்கேதான் இருந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாரானேன். ஆனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு அக்காவைப் பார்த்துப் பேசினார். ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் சில பேர் போய்விட்டால் பள்ளியை வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அடுப்பும் இல்லை, பெருக்குவதற்கு வகுப்பும் இல்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம் தங்கம்மா, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். பயத்தில் அவரும் எங்களுக்கு இளைத்தவராகத் தெரியவில்லை.

“நாளைக்கி சொல்றேன் மேடம்” என்றாள் அக்கா.

மேடம் போனதும் நான் கத்திவிட்டேன். “இன்னா நாளைக்கி? எதுக்கு நாளைக்கி? விசாரணைக்குத் தேதி வந்துடுச்சுக்கா!”

“ஸ்கூலே மூடிட்டா அந்தப் புள்ளைங்க சோத்துக்கு எங்கடி போவும்?”

“அதுங்கதான் ஒன்னத் தொட மாட்டோன்னுதுங்களே!”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. அக்கா எழுந்து போய்விட்டாள். மறுநாளும் என் கடைக்கு வரவில்லை. மேடத்திடம் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஹர்ஷிதாவிடம் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. விசாரணை நாள் வரும்வரை நான் தைத்த பிளவுஸ்களில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

அன்று காலையில் நானே அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா விசாரணைக்குப் போகப் புதுப்புடவை கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், அப்படியானால் புகாரைத் திரும்ப வாங்கவில்லை. வலது கையில் மெகந்திக் கோன். இடது கை முழுக்க இலையும் பூவும். மணிக்கட்டில் வந்திருந்த புதுப் புள்ளிமேல் ஒரு பெரிய தாமரை.

“அக்கா, இன்னா வேலை இது? டாக்டர் இன்னா சொன்னாரு? அங்க போயி கைய மூடிக்கினு நின்னா, நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?”

“அத்தன பேருக்கு நடுவுல எப்பிடிடி இந்தக் கைய வெச்சிக்கினு உக்கார்றது? எனக்கு ஒதறுது.”

கோனைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். ஹர்ஷிதா ஈரத்துணி கொண்டுவந்து அம்மாவின் கையைத் துடைத்தாள். அதற்குள் நிறம் பிடித்துவிட்டது. இடது கை ஆரஞ்சு நிறப் பூக்களோடும், வலது கை வெள்ளைத் திட்டுகளோடும் அப்படியே நாம்பள்ளிக்குக் கிளம்பினோம். வர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

விசாரணை அறை நான் பயந்த மாதிரி கோர்ட்டுபோல் இல்லை. நீளமாக ஒரு மேசை. அந்தப் பக்கம் ஆணையத்தின் உறுப்பினர். இந்தப் பக்கம் ஒரு ஓரத்தில் நாங்கள், மறு ஓரத்தில் பத்மஜா மேடமும் கல்வித் துறையிலிருந்து வந்த ஒருவரும். அக்கா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கல்வித் துறைக்காரர் அறிக்கையைப் படித்தார். இந்த அம்மாள் தன் தோல் நோயைத் தெரிந்தே மெகந்தி போட்டு மறைத்திருக்கிறார், பெற்றோரின் நம்பிக்கையைக் கெடுத்திருக்கிறார், ஆனாலும் நாங்கள் கருணையோடு வேறு வேலை கொடுத்திருக்கிறோம், இன்றைக்கும் ஒரு கையில் மெகந்தி போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் பாருங்கள் என்று முடித்தார். அவர் எப்போது பார்த்தாரோ தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சு வரும் என்றுதான் அக்கா முதல் நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள்.

உறுப்பினர் முதலில் பத்மஜா மேடத்திடம் திரும்பினார். பரிமாறுவதற்கு முன் சாப்பாட்டை யார் ருசி பார்ப்பது என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் மேடம்.

“தினமுமா?”

“தினமும்.”

“இவர் மெகந்தி போட்டிருந்த காலம் முழுக்கவும் நீங்கள்தான் ருசி பார்த்தீர்கள். உங்களுக்கு ஏதாவது வந்ததா? பிள்ளைகளுக்கு?”

கல்வித் துறைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்றும் வரவில்லை சார்” என்றார் மேடம். “நான் இவர் கையைப் பார்த்துப் பயப்படவில்லை. பெற்றோர்களைப் பார்த்துத்தான் பயந்தேன்.”

சமையல்காரரை அடுப்பிலிருந்து விலக்க வேண்டுமானால் அது தொற்றுநோய் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அப்படி யாரிடமாவது கேட்டீர்களா என்றார் உறுப்பினர். இல்லை என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் அவர் எங்களை விட்டுவிடவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, ஒட்டாது என்று டாக்டர் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். தப்பு ஒன்றும் இல்லை என்றால், எதற்காக மறைத்தீர்கள்?”

அக்கா எழுந்தாள். இதற்குத் தெலுங்கில் ஒரு பதிலை ஹர்ஷிதா அவளுக்கு நெட்டுருப் போடவைத்திருந்தாள். அது அவளுக்கு வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது அவள் முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். தமிழில் பேசினாள்.

“இந்தக் கையப் பாருங்க சார். இப்பிடிப் பூப்போட்டு மறைச்சிக்கினு இருந்த வரைக்கும் என் சாம்பாரக் கேட்டு வாங்கி சாப்ட்டாங்க. கையப் புடிச்சி வெளயாடுனாங்க. இந்தக் கையப் பாருங்க. ஒரே ஒரு நாளு இத மூடாம போனேன். மறுநாளே அடுப்புலேர்ந்து எறக்கிட்டாங்க. எதுக்கு மறைச்சேன்னு கேக்கறீங்களே, இதுக்கு மேல நான் இன்னா சார் சொல்றது? ரெண்டும் என் கைதான்.”

அவள் பேசிய தமிழ் மேசையின் அந்தப் பக்கம் யாருக்கும் புரியவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு நான் தெலுங்கில் சொன்னேன். முழு உப்பலையும் வாயாலேயே அடக்கும் நான், அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். உறுப்பினர் அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். எழுதிக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. உட்காருங்கள் அம்மா என்றார்.

பரிந்துரை வர நாளாயிற்று. அந்த நாட்களும் பழைய நாட்களைப் போலத்தான். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கடைசியில் வந்தது. தங்கத்துக்கு மறுபடியும் சமையல் வேலை கொடுக்க வேண்டும். தோல் டாக்டர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, பெற்றோர்களை உட்காரவைத்து, இது ஒட்டாது என்று விளக்க வேண்டும். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும், டாக்டர் சொல்லாமல் தோலைப் பார்த்து யாரையும் சமையலறையிலிருந்து விலக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போக வேண்டும். செய்துவிட்டு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கல்வித் துறை மூன்றையும் செய்வதாக ஒப்புக்கொண்டது.

ஜெயித்துவிட்டோம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அக்காவுக்குத்தான் சந்தோஷமே வரவில்லை.

“அடுப்பு குடுத்துட்டாங்க, ஹவ், நெஜந்தான். புள்ளைங்க சாப்டலேன்னா?”

தாளில் எழுதி யாரையும் சாப்பிடவைக்க முடியாது. ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால் போதும், பழையபடி பெற்றோர்கள் வாசலில் நிற்பார்கள். இந்தத் தடவை மேலே கேட்க இடமில்லை. அதனால் எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொன்னோம். கையால் உப்புப் போடாதே, ஸ்பூனால் போடு. நானே கடைக்குப் போய் நீளமான காம்பு வைத்த எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா மறுபடியும் சமைக்கப் போன நாளில் தோல் டாக்டர் காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டார். பெற்றோர்கள் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் பிள்ளை குட்டி இல்லாத ஆள், ஆனாலும் யாரும் கேட்பதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் நன்றாகத்தான் பேசினார். அக்காவின் கையைத் தன் கையில் பிடித்தபடியேதான் பேசினார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் வேறெங்கோ பார்த்தார்கள். சில பிள்ளைகளின் பைகளில் டிபன் பாக்ஸ் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு டாக்டர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

மணி அடிக்கும் நேரம். அண்டாவை வராந்தாவுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். பெற்றோர்கள் யாரும் எழுந்து போகவில்லை. என்ன நடக்கிறது பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். பத்மஜா மேடம் எல்லார் முன்னாலும் வந்து உள்ளங்கையை நீட்டினார். அக்கா கரண்டியிலிருந்து துளி சாம்பார் விட்டாள். மேடம் ருசி பார்த்தார்.

முகம் மாறியது.

“உப்பு தக்குவ, தங்கம்மா” என்றார்.

உப்பு குறைச்சலாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, பக்கத்தில் கிடந்த என் எவர்சில்வர் ஸ்பூனைப் பார்த்தாள். அந்தச் சனியனால் எவ்வளவு போடுவது என்று அவளுக்கு என்ன தெரியும்? பயத்தில் அவளும் ருசி பார்க்கவில்லை.

மேடம் ஸ்பூனை எடுத்துத் தரவில்லை. உப்பு ஜாடியை எடுத்து அக்கா முன்னால் வைத்து, மூடியைத் திறந்தார். கையை நீட்டியபடியே அங்கேயே நின்றார். மறுபடியும் ருசி பார்ப்பதற்காக.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், திரும்பி வந்தாள். வெள்ளைத் திட்டு விழுந்த வலது கையை அத்தனை பேர் பார்க்க உப்பு ஜாடிக்குள் விட்டாள். ஒரு பிடி எடுத்தாள், கனத்தைப் பார்த்தாள், கொஞ்சத்தை ஜாடியிலேயே திரும்பப் போட்டாள். மீதியை அண்டாவைச் சுற்றித் தூவிக் கிளறினாள்.

மேடம் ருசி பார்த்துவிட்டு, “பாகுந்தி” என்றார்.

வரிசையின் நடுவிலிருந்து அந்தச் சின்னப் பெண், கையைத் தொட்டால் வெள்ளையாகிவிடுவோம் என்று சொன்ன அதே பெண், எட்டிப் பார்த்தாள். மெகந்தி எங்கே என்று தெலுங்கில் கேட்டாள்.

“இனிமே இல்லம்மா” என்றாள் அக்கா.

அந்தப் பெண் ஒரு தடவை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா தடுக்கவில்லை. பெண் முன்னால் வந்து தட்டை நீட்டினாள்.